ஹோமர் இலக்கணத்தை மீறினாரா?

போன நோன்புப் பெருநாள் கழிந்து நடந்த இலக்கியச் சந்திப்பொன்றில் நண்பரொருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மாஸ்டர், ஹோமரைப் படிக்கிறீர்களாம், சந்தோஷம். மொழிபெயர்ப்பில் படித்தால் போதாதா? கிரேக்க இலக்கணத்தையும் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்? செத்த மொழிக்கு மையித்துக் குளிப்பாட்டவா?” கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

நண்பர் நல்ல கவிஞர். கவிதை வேறு, இலக்கணம் வேறு என்று நம்புகிறவர். வேடிக்கை என்னவென்றால், அவர் ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்க்கும் இலக்கண வாத்தியார்களும் இதையேதான் நம்புகிறார்கள். விதி உரைநடையில் இருக்கிறது, கவிஞன் யாப்புக்காக அதை உடைக்கிறான், நாம் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுகிறோம் என்பது இவர்களின் கட்சி. இரு சாராரும் கைகோத்து நிற்கும் இடம் இது. கிரேக்கத்தைப் பொறுத்தமட்டில் இந்த நம்பிக்கை தலைகீழானது என்பதே என் வாதம்.

நானும் அந்த வாத்தியார்களில் ஒருவன்தான். ஆசிரிய கலாசாலையில் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். பாட்டில் ஒரு சொல் விதிக்குள் அடங்காவிட்டால் “செய்யுள் விகாரம்” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை அடைக்க அதைவிட நல்ல சொல் கிடையாது.

கிரேக்கம் கற்பிக்கும் இடங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையும் இதே தவறைத்தான் செய்கிறது. முதலில் கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகரத்து உரைநடை. செனபோனின் படையெடுப்புக் கதை. அந்த இலக்கணம் மனப்பாடமான பிறகுதான் ஹோமர் வருவார். ஹோமரோ அந்த உரைநடைக்கு முந்நூறு வருடமளவில் மூத்தவர். பேரனை அளவுகோலாக வைத்துக்கொண்டு பாட்டனாரின் பேச்சில் பிழை பிடிக்கும் வேலை இது. கிளைட் பார் என்ற அமெரிக்க ஆசிரியர் 1920இல் இதை எதிர்த்து, முதற் பாடத்தையே ஹோமரிலிருந்து தொடங்கும் நூலொன்றை எழுதினார். கட்டாரில் வேலை செய்யும் என் மருமகன் அச்செடுத்து அனுப்பிய பிரதியில்தான் நான் படிக்கிறேன்.

ஓர் உதாரணம். ஏதென்ஸ் உரைநடையில் ‘விலகி’, ‘கீழே’ என்ற பொருள்தரும் முன்னொட்டுகள் வினையோடு ஒட்டியே நிற்கும். ஹோமரில் முன்னொட்டு ஓரிடத்தில் நிற்க, வினை நாலு சொல் தள்ளி நிற்பதுண்டு. பழைய இலக்கணகாரர் இதற்கு ‘த்மீசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். வெட்டு என்று அர்த்தம். ஒரே சொல்லைக் கவிஞர் யாப்புக்காக இரண்டாக வெட்டிவிட்டாராம்! நடந்தது வேறு. அவை ஆதியில் தனித்தனிச் சொற்கள். வேத கால சமஸ்கிருதத்திலும் அப்படியே தனித்து நிற்கும். பின்னாளில்தான் ஒட்டிக்கொண்டன. ஒருபோதும் ஒட்டாததை எப்படி வெட்டுவது? அந்தப் பெயரே கவிஞர்மேல் சுமத்திய வீண்பழி.

இறந்தகால வினையின் முன்னால் வரும் ‘எ’ என்ற ஒலியை ஹோமர் பல இடங்களில் ‘விட்டுவிடுகிறார்’ என்பதும், பின்னாளில் வெறும் சுட்டிடைச்சொல்லாய்த் தேய்ந்துபோன ‘ஹொ’வை அவர் பெரும்பாலும் ‘அவன்’, ‘அந்த’ என்ற முழுப் பொருளில் ஆள்கிறார் என்பதும் இதே வகைக் குற்றச்சாட்டுகள்தான்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது காணாமற்போன ஓர் எழுத்தின் கதை. ஹோமரின் அடிக்கு ஆறு சீர். சீர் ஒவ்வொன்றும் நெடில்-குறில்-குறில் அல்லது நெடில்-நெடில் என்று போகும். கடைசிச் சீர் ஈரசை. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் முன்னதின் உயிர் கெடுவதோ குறுகுவதோ பொது வழக்கு. ஆனால் அரசன் என்று பொருள்படும் ‘அனக்ஸ்’, வேலை என்று பொருள்படும் ‘எர்கோன்’ போன்ற சில சொற்களுக்கு முன்னால் மட்டும் திரும்பத் திரும்ப அந்த விதி பலிக்கவில்லை. பிரதி எழுதியோர் ஓட்டையை அடைப்பதாக நினைத்துச் சில இடங்களில் ஒரு ‘ன்’ ஒட்டினார்கள், சில இடங்களில் ஓர் இடைச்சொல்லைச் சொருகினார்கள். 1713ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் பென்ட்லி என்பவர் ஓட்டையைத் தட்டிப் பார்த்தார். அங்கே ஒரு காலத்தில் ‘வ’ என்ற மெய்யொலி இருந்திருக்க வேண்டும் என்றார். ‘வனக்ஸ்’, ‘வெர்கோன்’ என்று சொல்லிப் பாருங்கள், அடி நேராகிறது. ஆங்கிலத்தில் ‘வேர்க்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இது இரத்த உறவு.

இலியட்டை ஆங்கிலக் கவிதையாக்கிப் பேரெடுத்த அலெக்சாண்டர் போப் தன் அங்கதக் காவியத்தில் பென்ட்லியையும் அவருடைய எழுத்தையும் கிண்டலடித்தார். (கவிஞர்கள் அன்றும் சிரித்திருக்கிறார்கள்.) 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர், கிரீட்டிலும் பைலோஸிலும் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தை வாசித்தார். ஹோமருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை அவை. கவிதை ஒரு வரியும் இல்லை. ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, வெண்கலக் கணக்கு. அந்தக் கணக்கில் அரசனின் பெயர் ‘வ-ன-க’ என்று எழுதப்பட்டிருந்தது. பென்ட்லியிடம் அந்தப் பலகைகள் இருக்கவில்லை. அடியைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும் காது இருந்தது. இறந்தகாலத்து ‘எ’யும் அந்தப் பலகைகளில் பெரும்பாலும் கிடையாது. ஹோமர் எதையும் விடவில்லை; பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள்.

ஹோமரின் மொழி எந்த ஊரிலும் யாரும் பேசிய மொழியல்ல, பல வட்டாரமும் பல காலமும் கலந்த செயற்கை மொழி, அதை எப்படிச் சாட்சியாக எடுப்பது என்று எதிர்வாதம் செய்யலாம். கலப்பு என்பது உண்மை. ‘வ’வை அந்த அடிகளே சில நூறு இடங்களில் மதிக்கவில்லை, கடைசியாகப் பாடிய அயோனியரின் வாயில் அந்த ஒலி அப்போது இல்லை. ஆனால் கலப்பு எப்படி நேர்ந்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் நம்மவர் ஒருவரின் வாயிலிருந்து வந்தது என்பதை நமது இலக்கிய வட்டாரத்தில் எத்தனை பேர் அறிவர்?

மில்மன் பரி என்ற அமெரிக்கர், ஹோமரின் அடைமொழிகள் பாடகர் பரம்பரை சேர்த்துவைத்த ஆயத்தத் தொடர்கள் என்று 1928இல் பாரிஸில் ஆய்வேடு எழுதினார். பிறகு உயிரோடிருக்கும் பாடகரைத் தேடி யூகோஸ்லாவியா போனார். 1935இல் பியெலோ போல்யே என்ற ஊரில் அவ்தோ மெஜெதோவிச் என்ற முஸ்லிம் இறைச்சிக் கடைக்காரரைக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரே கதையைப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளில் பாடினார்; ஏறக்குறைய ஒடிஸியின் நீளம். அந்நாட்டுப் பாடகர்களின் பாட்டில் அன்றாடப் பேச்சில் இல்லாத பழஞ்சொல்லும் அயல்வழக்கும் நிறைந்திருந்தன. அடிக்குள் அளந்து பொருத்திய தொடரை ஒருவர் மாற்றினால் அடி உடையும். ஆகவே பேச்சு மாறினாலும் தொடர் மாறாமல் கைமாறும். நண்பர் ‘யாப்பு என்ற விலங்கு’ என்று அடிக்கடி எழுதுவார். அந்த விலங்கு பூட்டி வைத்திருந்ததால்தான் ஒரு மொழியின் பல நூற்றாண்டுகள் தப்பின. மொழிபெயர்ப்பில் இது ஒன்றுகூட மிஞ்சாது. ‘அரசன்’ என்று தமிழில் எழுதியதும் அந்த ‘வ’ மறுபடி செத்துப்போகிறது.

சந்திப்பில் யாரும் கேட்காததை எங்களூர் மௌலவி கேட்டார். கிரேக்கத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை உண்டு, பிற்காலத்தில் வழக்கொழிந்தது என்றேன். “எங்கட தஸ்னியாதானே!” என்று பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இலியட்டின் ஒன்பதாம் காண்டத்தில் கோபித்திருக்கும் அகிலிஸிடம் பொயினிக்ஸ், அயஸ், ஒடிசியஸ் என்று மூவரைத் தூதனுப்புகிறார்கள். ஆனால் அவர்கள் நடந்துபோவதைச் சொல்லும் வினைகள் இருமையில் இருக்கின்றன. பழைய பாட்டில் இருவர்தான் போனார்கள், பொயினிக்ஸ் பின்னால் சேர்க்கப்பட்டவர் என்பார் சிலர், மறுப்பார் பலர். வழக்கு இன்னும் தீரவில்லை. அஸர் தொழுது பள்ளியால் வரும்போதெல்லாம் மௌலவி என்னைக் கேலிப் பக்கம் கூப்பிடுகிறார்: “சேர், அந்த மூணாவது ஆள் நடந்தாரா, இல்லையா?”