சங்கு குளிப்பவரின் செவி

மூளையைக் காக்க நாள்தோறும் குறுக்கெழுத்துப் போடுங்கள், நூல் வாசியுங்கள் என்று இதழ்கள் ஓயாமல் உபதேசிக்கின்றன. நம் இலக்கிய நண்பர்களுக்கோ கூடுதல் பூரிப்பு: வாசகனை மறதிநோய் அண்டாதாம்! வாசிப்பைக் கஷாயமாக்கும் இப்பேச்சு, தமிழ் கற்பிக்கும் எனக்குக் கூசுகிறது.

மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் களைந்தால் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது 2024ஆம் ஆண்டின் லான்செட் ஆணைய அறிக்கை. இளமையில் கல்வியின்மை, செவித்திறன் இழப்பு, உயர் இரத்த அழுத்தம், காற்று மாசு ஆகியன அவற்றுட் சில. புதிர் போடாமை அப்பட்டியலில் இல்லை.

கொற்கை முத்தைப் போற்றாத சொற்பொழிவு நம்மிடம் உண்டா? முத்தெடுத்தவனின் காதைப் பற்றி யார் பேசினார்? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது, சங்குகுளிப்பு நிற்கவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. முதலில் அடிபடுவது செவிப்பறை. கம்ப்ரசர் குழாயைக் கவ்வி நெடுநேரம் மூழ்கி விரைந்து மேலேறினால், குருதியில் எழும் நைட்ரஜன் குமிழிகள் தண்டுவடத்தையும் மூளையையுமே தாக்கக்கூடும். காது மங்கியவர் மெல்லப் பேச்சிலிருந்து விலகுகிறார். நாம் அதை முதுமை என்கிறோம்.

மூளைநலம் பேசுவோர் திரேஸ்புரத்துக்கு ஒரு செவிப்பரிசோதனை வண்டியைக் கேட்கட்டும். கூடவே விலையில்லாக் காதுக்கருவியையும். குறுக்கெழுத்தைப் பிறகு பார்க்கலாம்.