ஆடிக் கற்ற சொல் அகலாது

ஆங்கிலம் என்றால் நம்மில் பலருக்கு அச்சம். முள்ளுக்குறிச்சியிலிருந்து கல்லூரிக்கு வரும் எனக்கும் அவ்வச்சம் உண்டு. பள்ளியில் பட்டியல் பட்டியலாகச் சொற்பொருளை மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் கொல்லிமலைக்கு வழி கேட்ட வடநாட்டுப் பயணியிடம், 'வலப்பக்கம் திரும்புங்கள்' என்று ஆங்கிலத்தில் கூற நா எழவில்லை. குறை நினைவாற்றலிலா, கற்ற முறையிலா?

பட்டியலில் சொல்லைப் பார்க்கிறோம். விளையாட்டிலோ அதனை நினைவிலிருந்து தேடி எடுக்கிறோம். அப்படிப் பலமுறை தேடி எடுத்த சொல்லே மனத்தில் நிலைக்கும். நம் மலையின் மிளகிலிருந்தே தொடங்கலாம். அந்தாதி போல, ஒருவர் 'பெப்பர்' என்றால் அடுத்தவர் அதன் இறுதி எழுத்தில் தொடங்கி 'ரோடு' என்பார். மூன்றாமவர் 'டோர்' என்பார். சொல்லை வாக்கியத்தில் அமைத்தால்தான் புள்ளி என்று விதி வைத்தால் வெறும் ஆட்டம் பாடமாகிவிடும்.

இது புதுமையன்று. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஆடல் பாடலோடு ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. ஆயின், விளையாட்டு தொடக்கப் பள்ளியோடு விடைபெற வேண்டுமா?

'கல்லூரி மாணவர் விளையாடுவதா?' என்று சிலர் நகைக்கலாம். பிழையாகப் பேசிவிட்டு, நாணாமல் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ள விளையாட்டைவிட நல்ல இடம் ஏது? பேராசிரியப் பெருமக்கள் வாரம் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கட்டும். நண்பர்களே, நாமும் வாய் திறப்போம். சொல் தானே வரும்!