தலையணை அல்ல, தலைக்காவல்!

சித்த வைத்தியருக்கும் கார் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது!

கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம், இடுப்புப் பிடிப்பு என்று வருகிறவர்களிடம் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்போம். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? மலம் சரியாகக் கழிகிறதா? தூக்கம் எப்படி? சில வருடங்களாக இந்தப் பட்டியலில் நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறேன். ‘தினமும் எவ்வளவு நேரம் கார்ல உட்கார்றீங்க?’

‘காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் டிராஃபிக்ல ஒண்ணரை மணி நேரம் ஆயிடும் டாக்டர்’ என்பார்கள். கூடவே ஒரு புகாரும் வரும். ‘அந்த ஹெட்ரெஸ்ட் தலையை முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கு. கழட்டி டிக்கியில போட்டுட்டேன்!’ இன்னும் சிலர், ‘முன்பக்கம் பின்பக்கமா திருப்பி மாட்டிட்டேன், இப்ப தேவலை’ என்பார்கள்.

அவர்கள் சொல்லும் வலி உண்மை. கற்பனை அல்ல. ஆனால், அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அது தலைவலிக்குத் தலையையே எடுத்த கதை! நாள்பட்ட எரிச்சலுக்குப் பயந்து, ஒரே நொடியில் வரக்கூடிய பெரிய ஆபத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம். இது வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அது எதற்காக இருக்கிறது?

ஹெட்ரெஸ்ட் என்று பேர் வைத்ததாலோ என்னவோ, அதைத் தலை சாய்த்துத் தூங்குவதற்கான தலையணை என்றே நினைத்துவிட்டோம். அதன் வேலை அது இல்லை. தலைக்குக் காவல் நிற்பதுதான் அதன் வேலை.

சிக்னலில் நிற்கிறீர்கள். பின்னால் வந்த வண்டி ‘டொம்’ என்று இடிக்கிறது. அப்போது சீட் உங்கள் முதுகை முன்னால் தள்ளும். ஆனால் தலை? அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை ஒரு பக்கம், முன்னே பாயும் உடம்பு ஒரு பக்கம். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. சாட்டையைச் சொடுக்கியதுபோல வளைந்து நிமிர்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். பின்னால் ஹெட்ரெஸ்ட் இருந்தால் தலையை உடனே தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுத்தின் தசையும் நாரும்தான் அந்த அடியை வாங்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் 1969-லேயே கார்களின் முன் சீட்டுகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள்.

என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை. ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். ஹெட்ரெஸ்ட் கொண்டையில் இடிக்கிறது என்று கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். சிக்னலில் ஒரு வேன் பின்னால் வந்து மெதுவாகத்தான் இடித்தது. பம்பரில் ஒரு சொட்டை, அவ்வளவுதான். ரத்தம் இல்லை, காயம் இல்லை. ‘போய்ட்டு வாங்கம்மா’ என்று எல்லாரும் கலைந்துவிட்டார்கள். மறுநாள் காலை அவரால் படுக்கையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கரும்பலகைப் பக்கம் எழுதிக்கொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்ப, அவருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ‘வண்டி சரியாயிடுச்சு டாக்டர், நான்தான் சரியாகலை’ என்றார்.

பின்னே ஏன் தள்ளுகிறது?

நியாயமான கேள்வி. தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குக் கழுத்துக்குப் பாதுகாப்பு. அதனால் 2004-ல் அமெரிக்க அரசு அறிவித்த புதிய விதியில், முன் சீட்டில் அந்த இடைவெளி ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். உலகம் முழுவதும் விற்கிற கார்கள் நம் ஊருக்கும் வருகின்றன. ஹெட்ரெஸ்ட்டுகள் முன்பக்கமாகச் சாய்ந்து வரத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட விதிகள் ஒரு முக்கியக் காரணம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த இடைவெளியை அளக்கும்போது சீட்டின் முதுகுப் பகுதியைச் சுமார் 25 டிகிரி பின்னால் சாய்த்து வைத்து, ஒரு சராசரி ஆண் அளவுள்ள பொம்மையை உட்கார வைத்து அளக்கிறார்கள். மோதல் சோதனைகளில் காலங்காலமாகப் பயன்படும் ஆண் பொம்மையின் உயரம் 175 செ.மீ., எடை 78 கிலோ. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152 செ.மீ.தான்!

இப்போது நம் வீட்டு அம்மா ஓட்டுவதைக் கற்பனை செய்யுங்கள். கிளட்ச் எட்டவில்லை, சீட்டை முன்னால் இழுக்கிறார். பானெட் தெரியவில்லை; முதுகுப் பகுதியை நட்டுக்குத்தலாக நிமிர்த்துகிறார். 25 டிகிரிக்கு என்று செய்த ஹெட்ரெஸ்ட், சீட் நிமிர்ந்ததும் முன்னே வந்து தலையைத் தள்ளத்தான் செய்யும். அதிலும் அதன் புடைப்பு அவருடைய பின்மண்டையில் படுவதில்லை, கொண்டையில் இடிக்கிறது. தாடை மார்பை நோக்கிப் போகிறது. தலை முன்னால் குனியக் குனியக் கழுத்தெலும்புக்குப் பாரம் ஏறும். நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, 15 டிகிரி குனிந்தாலே கழுத்தின் மேல் விழும் பாரம் சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ. இந்தப் பாரத்தோடு தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஆக, குற்றம் உங்கள் உடம்பின் மேல் இல்லை. உங்களை அளக்காமல் தைத்த சட்டை அது! சட்டை பிடிக்கிறது என்பதற்காக அதை எறிந்துவிட்டா வெளியே போகிறோம்? பிரித்துத் தைத்துக்கொள்கிறோம். சீட்டையும் அப்படித்தான் உங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள்

வண்டி நிற்கும்போது, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்யுங்கள். பத்தே நிமிடம்.

1. இடுப்பைச் சீட்டின் மூலை வரை தள்ளி உட்காருங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. இடுப்புக்குப் பின்னால் இடைவெளி விட்டு உட்கார்ந்தால் முதுகு கூன் போடும், தலை தானாக முன்னே வரும்.

2. கிளட்ச்சை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். ஸ்டியரிங்குக்கும் உங்கள் மார்புக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை.

3. சீட்டின் உயரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டுங்கள். குள்ளமானவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. உயரம் கூடினால் சாலை தெரியும். சாலை தெரிந்தால் சீட்டை நட்டுக்குத்தலாக நிமிர்த்த வேண்டியதில்லை.

4. இப்போது முதுகுப் பகுதியை ஒரு பல், இரண்டு பல் பின்னால் சாயுங்கள். தோள் சீட்டில் பட்டபடியே கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். அதுதான் அளவு. ஹெட்ரெஸ்ட் தள்ளுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே நிம்மதி கிடைத்துவிடுகிறது.

5. கடைசியாக ஹெட்ரெஸ்ட். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்குங்கள். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வந்தால் நல்லது. குறைந்தது, உச்சியிலிருந்து ஒன்பது சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தலைக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி நான்கு விரல் கனத்தைத் தாண்ட வேண்டாம். ஓட்டும்போது தலை அதன் மேல் சாய்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் காவல் நின்றால் போதும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கொண்டையோ, கிளிப்போ பின்மண்டையில் இருந்தால் எந்த ஹெட்ரெஸ்ட்டும் தள்ளத்தான் செய்யும். காரில் போகும்போது பின்னலை ஒரு பக்கமாக முன்னால் விட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் இடுப்பில் பள்ளம் தெரிகிறதா? ஒரு பருத்தித் துண்டைச் சுருட்டி, மூன்று விரல் கனத்துக்கு மேல் போகாமல், பெல்ட் கட்டும் இடத்துக்கு நேர் பின்னால் வையுங்கள். இடுப்பு நிமிர்ந்தால் கழுத்தும் நிமிரும்.

குஷன், மணி சீட், மசாஜர்...

கடையில் விற்கும் மெத்து மெத்தென்ற கழுத்துத் தலையணையை ஹெட்ரெஸ்ட்டில் கட்டிக்கொள்கிறார்களே, அது ஏற்கெனவே முன்னே நிற்கும் தலையை இன்னும் முன்னே தள்ளும். வேண்டாம். மணி கோத்த சீட் கவர் காற்றோட்டம் தரும், வியர்வை குறையும். அதற்கு மேல் அதில் வைத்தியம் ஒன்றும் இல்லை. அமுங்குகிற பஞ்சுக் குஷனைப் போட்டு உட்கார்ந்தால் மோதலின்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற கார்களில், அதை மூடித் தைத்த சீட் கவர் போடவே கூடாது.

எந்த நல்ல சீட்டும் நாள் முழுக்க உட்காருவதற்கு ஆனதல்ல. நாலு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் பயணம் செய்தால், காலின் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. விமானத்துக்கு மட்டும் அல்ல, காருக்கும் சேர்த்துத்தான். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்க. ‘வழியில பாத்ரூம் சரியில்லை’ என்று தண்ணீரே குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு வரும் தாய்மார்களே, அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்தர்கள் சொன்னதில் சிறுநீரும் ஒன்று, நீர்வேட்கையும் ஒன்று. ஒரே பயணத்தில் இரண்டையும் அடக்குகிறீர்கள்!

வலி வந்துவிட்டால்...

தினசரி பயணத்தால் வரும் சாதாரண இறுக்கத்துக்கு, உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாக்கிக் கழுத்திலும் தோளிலும் மெல்லத் தடவி, நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுங்கள். இலை கிடைக்காத ஊரில் கல் உப்பை வறுத்து ஒற்றடம் தரலாம். சூட்டை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு உறைக்காது. கூடுதல் கவனம் வேண்டும்.

ஆனால், இடிபட்ட கழுத்துக்கு இது பொருந்தாது. விபத்து சின்னதாகவே இருக்கட்டும், கழுத்து வலித்தால் முதலில் மருத்துவமனைக்குப் போய் எலும்பில் பழுதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் தைலம், சூடு, தடவல் எதுவும் வேண்டாம். கை மரத்துப்போவது, விரலில் பிடி தளர்வது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சித்தம், அலோபதி என்று யோசிக்காமல் ஓடுங்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை அடியோடு விடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால், ஒரு சொடக்குக்காக அந்த ஆபத்து எதற்கு?

யார் உட்கார்ந்து பார்த்தது?

கார் வாங்கும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மைலேஜ் எவ்வளவு, கலர் என்ன, டிவி எத்தனை இன்ச் என்று அப்பாவும் பிள்ளையும் பேசி முடித்துவிடுவார்கள். அம்மா பூஜைக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைப்பார். பாட்டிக்கு வண்டி வந்த பிறகு பின் சீட்டின் நடு இடம்! பல கார்களில் அந்த நடு இடத்துக்கு ஹெட்ரெஸ்ட்டே கிடையாது. வீட்டிலேயே பலவீனமான கழுத்துக்குக் காவல் இல்லாத இடம். இது என்ன நியாயம்?

ஷோரூமுக்கு வீட்டில் எல்லாரையும் அழைத்துப் போங்கள். யார் அதிகம் ஓட்டப் போகிறார்களோ அவர் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். ஐந்து நிமிடத்தில் எந்த சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். ஹெட்ரெஸ்ட் ஏறி இறங்குகிறதா, சீட் உயருகிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த மாடல்களில் பலவற்றில் இரண்டும் இருக்காது. ‘அது டாப் மாடல்ல மட்டும்தான் சார்’ என்பார்கள். பெரிய டிவிக்குக் கூடப் பணம் கட்டத் தயங்காத நாம், கழுத்துக்கு என்று வரும்போது கணக்குப் பார்க்கலாமா?

கம்பெனிகளும் கேட்டுக்கொள்ளட்டும். 2022-ல் சுவீடனின் ஆய்வாளர் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர், பின்பக்க மோதலைச் சோதிக்கச் சராசரிப் பெண் அளவில் ஒரு பொம்மையை உருவாக்கிக் காட்டினார்கள். அதன் உயரம் 162 செ.மீ. பின்னாலிருந்து இடிபடும்போது ஆண்களைவிடப் பெண்களுக்கே கழுத்துப் பாதிப்பு அதிகம் என்பது அதற்குக் காரணம். அந்தப் பொம்மைகூட நம் வீட்டு அம்மாவைவிட ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரை சாண் உயரம்தான்! நம் நாட்டில் 2023 அக்டோபரில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் திட்டம் தொடங்கிவிட்டது. இனி, நம் உயரத்துக்கும் நம் பெண்களின் உடலமைப்புக்கும் சீட் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அதில் சேர வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் அது வரும்.

அதுவரை, கழற்றி டிக்கியில் போட்டவர்கள் இன்றே எடுத்து மாட்டுங்கள். திருப்பி வைத்தவர்கள் நேராக்குங்கள். பாட்டியை ஓரத்து சீட்டுக்கு மாற்றி, அவருக்குப் பின்னால் இருக்கும் ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுத்துவிட்டு, பெல்ட்டையும் போட்டுவிடுங்கள். தைலத்தை வேண்டும்போது நான் எழுதித் தருகிறேன். தேவைப்படாமலே போனால் எனக்கு அதைவிடச் சந்தோஷம்!