தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் கேட்டோம்

ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடை என்றதும் தோண்டிப் போட்ட ரோடுதான் பேச்சில் வரும். அம்ருத் திட்டத்தில் சாக்கடைக் குழாயும் தாமிரபரணிக் குடிநீர்க் குழாயும் புதைத்த காலத்தில் புழுதி தின்றோம், பள்ளத்தில் விழுந்தோம், மறியல் செய்தோம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அத்தனை கூச்சலிலும் நாம் கேட்டது ரோட்டையும் தண்ணீர் வரும் நாளையும் மட்டுமே. வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை 1.30 லட்சம். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.4 கோடி லிட்டர் கழிவுநீர். அதை எங்கே விடுவது என்று நாம் யோசிக்கவே இல்லை.

வீடு கட்டும்போது பிளானில் செப்டிக் டேங்க்கும் உறிஞ்சுகுழியும் வரைந்து கையெழுத்து வாங்கினோம். கட்டும்போது இடமில்லை என்று உறிஞ்சுகுழியை விட்டுவிட்டு, நாலு அங்குலக் குழாயை வாறுகாலுக்குத் திருப்பினோம். கொத்தனார் சொன்னதும் அதுதான், பக்கத்து வீட்டில் செய்ததும் அதுதான். மழைத் தண்ணீருக்கென்று வெட்டிய வாறுகால் சித்திரை வெயிலிலும் கறுப்பாக ஓடுகிறது. கடைசியில் கண்மாயில் விழுகிறது. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாம் வேறு மாதிரி நடந்துகொள்ளவில்லை. மார்கழி எண்ணெய்க்காப்புக்கு ஆண்டாள் எழுந்தருளும் மண்டபம் திருமுக்குளக் கரையில்தான் இருக்கிறது. அங்கே கைகூப்பி நின்ற நாம், ஊர்க் கண்மாய்களுக்கு மழைத் தண்ணீர் வரும் ஓடைகளைக் குப்பை கொட்டும் இடமாக்கினோம்.

குழாய் புதைத்துவிட்டால் சாக்கடை தானாக ஓடிவிடாது. கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் மலமும் அடியில் தங்காது. அந்த வேகம் கிடைக்கப் போதுமான வீடுகள் இணைப்பு எடுக்க வேண்டும். “எல்லாரும் எடுக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று தெருவில் பாதிப்பேர் டெபாசிட் கட்டாமல் இருந்தால், இணைப்பு எடுத்த மீதிப்பேரின் கழிவு குழாயிலேயே தேங்கிக் கெட்டியாகும். இணைப்பு எடுத்தவர்கள் மொட்டைமாடி மழைத் தண்ணீரையும் அதிலேயே விட்டால், ஐப்பசி மழையில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் பொங்கும்.

அடைப்பை யார் எடுப்பது? உரிய பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அதன் பிறகும், டேங்க் நிரம்பினால் கூலியைப் பேரம் பேசி ஆள் கூப்பிடுகிற வழக்கம் நம்மிடம் ஒழியவில்லை. அவர் இறங்கும்போது நாற்றம் தாங்காமல் நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இந்தக் குற்றத்துக்கு நகராட்சியைக் கைகாட்ட முடியாது.

குடிதண்ணீரிலும் நாம் நேர்மையாக இல்லை. தண்ணீர் விடும் காலையில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம். தெருக்கடைசி வீட்டில் காற்றுதான் வருகிறது. வாறுகாலைக் கடந்து வரும் வீட்டுக் குழாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும், மோட்டார் இழுக்கிற இழுப்பில் சாக்கடை உள்ளே வந்துவிடும். முதல் குடம் நாறினால் கீழே ஊற்றிவிட்டு அடுத்த குடத்தைப் பிடிக்கிறோமே தவிர, புகார் எழுதிக் கொடுப்பதில்லை. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. மருந்து வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிற நாம், இன்றைக்கு நம் தெருவில் அளந்து பார்த்தார்களா என்று விசாரித்ததில்லை. காசு உள்ளவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினோம். அதோடு குழாய்த் தண்ணீரைப் பற்றிய கவலையும் நம்மை விட்டுப் போனது.

நமக்குத் தண்ணீர் தரும் மலை 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமானது. அங்கிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீரையும் ராஜபாளையம் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கிக் குடிக்கிறது. நீர்காத்த அய்யனார் கோயிலுக்குப் போய் அந்த ஆற்றில் குளித்து, ஷாம்பு பாக்கெட்டைப் பாறையிடுக்கில் செருகிவிட்டு வருகிறோம். நாளை குடிக்கப்போகிற தண்ணீர் என்று தெரிந்தேதான் செய்கிறோம்.

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் மக்கள் தங்கள் பகுதிக் குறைகளைப் பேசும் ஏரியா சபை கூடுகிறது. அங்கும் தெருவிளக்கைப் பேசினோம், ரோட்டைப் பேசினோம். நம் வார்டின் கழிவு எங்கே சுத்திகரிக்கப்படுகிறது, சுத்திகரித்த நீரைச் சோதித்த அறிக்கை என்ன சொல்கிறது, செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது, எந்தெந்த வீட்டுக் குழாய் இன்னும் வாறுகாலில் விழுகிறது? கடைசிக் கேள்விக்கு நம் பெயரையே சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், முதல் மூன்றையும் கேட்காமலே எழுந்து வந்தோம்.