நகைப்பெட்டியில் வந்த ரிவால்வர்

கைத்துப்பாக்கி வாங்குவோர்க்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை மனத்திற்கொண்டவை: எந்த உறை, எந்தக் குறிநோக்கி, எவ்வகைத் தோட்டா. இந்தியாவில் இத்தெரிவுகளுட் பலவற்றைச் சட்டமே முடித்துவைத்துவிடுகிறது. 9 மி.மீ. தோட்டா தடைசெய்யப்பட்ட வகை; தற்காப்பு உரிமம் பெற்றவர்க்கு வழக்கமாக எஞ்சுவது 0.32 அங்குலம். தோட்டாக்களின் எண்ணிக்கையும் உரிமத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கும்.

2014இல் கான்பூர் களப்பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' ரிவால்வரைப் பெண்களின் தற்காப்புக்கென வெளியிட்டது. எடை ஏறத்தாழ 500 கிராம், விலை ரூ.1.2 இலட்சத்திற்கு மேல். உடன் நகைப்பெட்டி போன்றதொரு பேழை. பெண்ணைப் பற்றி வடிவமைப்பாளர் என்ன எண்ணினார் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

எடைக்குறைப்பு பெரும் மேம்பாடாகப் பேசப்பட்டது. ஆனால் அதே தோட்டாவை இலகுவான துப்பாக்கியில் சுட்டால் பின்னுதைப்பு மிகும். அதற்குக் கை பழகப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். அங்கே உரிம வரம்பு குறுக்கிடுகிறது. (விளையாட்டு வீரர்க்குத் தனி ஒதுக்கீடு உண்டு, தற்காப்புக்கு வாங்கியவர்க்கு அது இல்லை.) 2016ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தும் பாதுகாப்புப் பயிற்சி ஆயுதத்தைக் கவனமாகக் கையாளக் கற்பிப்பது, அச்சத்தின் நடுவே குறிதவறாமற் சுடும் தேர்ச்சி அதனால் வாய்ப்பதன்று. பழகாத கையில் ஆயுதத்தை விற்றுவிட்டு அதனைப் பாதுகாப்பு என்று அரசு நிறுவனமே அழைத்தது எனக்கு ஏற்புடையதன்று.

உரிமம் பெற்ற தோழியர் ஆலோசனை கேட்டால், பிடியையும் பேழையையும் பற்றி நான் பேசப்போவதில்லை. எத்தனை தோட்டாவுக்கு அனுமதி, அருகிலுள்ள சுடுதளம் எது என்றே முதலிற் கேட்பேன்.