பட்டியலைக் கண்டவர் யார்?

மன்னார்ப் பட்டினத்திலே வாடகை வீட்டில் வாழும் குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் வீட்டுதவி வேண்டி விண்ணப்பித்தவை எத்தனை? தெரிந்தெடுக்கப்பட்டவை எவை? தள்ளப்பட்டவை எவை? தள்ளியமைக்குக் காரணம் யாது? வரி செலுத்தும் குடிமகன் ஒருவன் இவ்வைந்து வினாக்களையும் ஓரிடத்திற் கேட்டு, ஒரே நாளில் விடைபெறத்தக்க அலுவலகம் ஒன்று இம்மாவட்டத்தில் உண்டா? உண்டென்று கூறுபவர் எவராயினும் அதன் கதவிலக்கத்தை இப்பத்திரிகைக்கு எழுதியனுப்புவாராக. நன்றியுடன் வெளியிடக் காத்திருக்கிறோம்.

வீடே கட்டப்படவில்லையென்று நாம் கூறவரவில்லை. 2010 ஜூனில் இந்திய அரசு 50,000 வீடுகள் தருவதாக அறிவித்தது. முதலில் 1,000 வீடுகள் மாதிரியாகக் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த தினத்தன்று, இரண்டாங் கட்டம் தொடங்கிற்று. வீடொன்றுக்கு 5,50,000 ரூபா, கட்டட வேலை உயர உயரக் கட்டங்கட்டமாக, பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே நேராக வைப்புச் செய்யப்பட்டது. இடையில் ஒப்பந்தக்காரனில்லை, தரகனில்லை. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, மணலேற்றி, தம் கண்முன்னே சுவரெழுப்பினர். விதவைகளுக்கும் அங்கவீனருக்கும் முதியோருக்கும் முன்னுரிமைப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வடக்கிலுங் கிழக்கிலும் பல்லாயிரங் குடும்பங்கள் அக்கூரைகளின் கீழ் உறங்குகின்றன. இதனை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால் அந்த அளவுகோலின் முதலங்குலம் எது? காணி. உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையிலுள்ளவரே புள்ளி பெறும் வரிசையில் நிற்கலாம். அஃதில்லாதவர் எத்துணை வறியவராயினும், எத்தனை பிள்ளைகளுக்குத் தாயாயினும், வரிசைக்கு வெளியேதான். வீடில்லாதவருக்கு வீடு கொடுக்கும் திட்டம், காணியுமில்லாதவரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுகிறது!

இவ்வாறு வாசலில் நிற்பவர் யாவர்? 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலியிலிருந்தும் விரட்டப்பட்ட எம் முஸ்லிம் சகோதரர், புத்தளத்தில் இருபதாண்டுக்கு மேல் அகதிகளாயிருந்து மீண்டனர். போகும்போது ஒரு குடும்பம், வரும்போது நான்கு. உறுதியோ தகப்பன் பெயரில் ஒன்றே. எஞ்சிய மூவர் எங்கே போவது? முள்ளிக்குளத்து மக்கள் 2007 இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படையின் வசமாயிற்று. மக்கள் போராடியபின், ஒரு பகுதியை விடுவிப்பதாக 2017 ஏப்ரலில் அறிவித்தனர். அதுகாறும் பத்தாண்டுகள் அம்மக்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தனர்; பலர் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில்களிற் கிடந்தனர். எருக்கலம்பிட்டியானுக்கு உறுதி போதவில்லை. முள்ளிக்குளத்தானுக்கு ஊரே கையிலில்லை. இவ்விருவரோடு, பட்டினத்தில் மாத வாடகை கொடுத்து ஒற்றை அறையிற் குடியிருக்கும் மீனவரும், கூலியாளரும், கடைச் சிப்பந்தியும், இடமாற்றம் பெற்று வந்த இளம் ஆசிரியரும் சேர்ந்து நிற்கின்றனர். இவர்களைக் கணக்கெடுக்கும் பதிவேடு எங்கே?

சில காலத்திற்கு முன் ஒரு தாய் என் அறைக்கு வந்தார். கணவர் கடலில் மாண்டவர். பிள்ளைகள் மூவர். பதினொரு ஆண்டுகளில் ஆறு வாடகை வீடுகள். அவர் கொணர்ந்த பையில் ஆறு விண்ணப்பப் பிரதிகள் இருந்தன. ஒன்றுக்கேனும் எழுத்தில் மறுமொழியில்லை. "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை" என்று வாயாற் சொன்னார்களாம். "பட்டியலை நீங்கள் கண்டீர்களா, அம்மா?" என்றேன். "அதை எங்களுக்குக் காட்டுவார்களா, ஐயா?" என்றார். மறுப்புக் கடிதமொன்று இருப்பின் அதன்மீது மேன்முறையீடு செய்யலாம், வழக்காடலாம். வாய்ச்சொல்லின்மீது எந்த நீதிமன்றில் வழக்காடுவது?

நானாட்டானிலும் மாந்தையிலும் வயல் செய்யும் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கட்டுக்கரைக் குளத்து நீர் எவ்வாறு பகிரப்படுகிறது? போகத்துக்கு முன் கமக்காரர் கூட்டங் கூடுகிறது. நீர் குறைந்த சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, துருசு திறக்கும் நாள் எது என்பன அதிகாரிகளும் கமக்காரரும் ஒருங்கே அமர்ந்திருக்க, எல்லோர் காதிலும் விழத் தீர்மானமாகின்றன. ஒருவருக்குக் குறைந்தால் எழுந்து நின்று கேட்கிறார். சண்டையும் நடக்கிறது, ஆனால் வெளியில் நடக்கிறது. குளத்து நீரை ஊர்கூடிப் பகிரும் நாம், கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான வீடுகளை மட்டும் கோப்புக்குள்ளே பகிர்வதற்கு உடன்பட்டதேன்?

கோப்புக்குள் நடப்பதன் பயனை நாம் கண்டோமன்றோ? 2015 ஐ அடுத்த ஆண்டுகளில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்றார்கள். வீடொன்றின் விலை 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் என்றார்கள். அதன் பாதிக்குங் குறைந்த செலவில், இந்நாட்டு வெயிலுக்கேற்ற கல்வீடு கட்டலாமென்று எடுத்துக்காட்டியவர்கள் நம் பிரதிநிதிகளும் பொறியியலாளருமாவர். வீட்டிற் குடியிருக்கப் போகும் மக்களை எவருங் கேட்கவில்லை. எதிர்ப்பு மூண்டபின் அத்திட்டம் சுருங்கி, ஈற்றிற் கைவிடப்பட்டது. பின்னர் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராமங்கள் வந்தன. 2018 இலும் 2019 இலும் அத்திவாரக் கற்கள் ஊரூராக நடப்பட்டன. 2019 நவம்பரில் ஆட்சி மாறிற்று. தவணைப்பணம் நின்றது. முதற் தவணையை நம்பி இருந்த கொட்டிலையும் பிரித்து, நகையை அடகுவைத்துச் சுவரெழுப்பியவர்கள், மன்னாரிலும் வடக்கின் ஏனைய மாவட்டங்களிலும், கூரையில்லாச் சுவர்களைப் பார்த்தபடி நின்றனர். தனியார் ஒருவர் இவ்வாறு செய்திருப்பின் உடன்படிக்கை மீறல் என்று நீதிமன்றேறலாம். அரசாங்கம் செய்தாலோ அதற்குக் கொள்கை மாற்றமென்று பெயர்!

பணம் டில்லியிலிருந்து வந்தது, கொழும்பிலிருந்து வந்தது, உலக வங்கியிலிருந்தும் வந்தது. பணந் தந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்காய்வாளர் உளர். பட்டியலின்படி பணம் போயிற்றா என்று அவர் பார்ப்பார். பட்டியல் நீதியானதா என்று பார்ப்பவர் யார்? ஊரவராற் தெரியப்பட்டு, ஊரவருக்கே மறுமொழி சொல்லவேண்டிய சபைதான் பார்க்கவேண்டும். அச்சபைகளின் கதியும் நாமறிந்ததே. வட மாகாண சபை 2018 ஒக்டோபரிற் காலாவதியாகி, ஆண்டுகள் பலவாகத் தேர்தலின்றிக் கிடந்தது. உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சிற் கலைந்து, 2025 மே 6 இலேதான் தேர்தல் கண்டன. இடைப்பட்ட ஈராண்டும் மக்கள் பிரதிநிதி ஒருவரேனுமின்றி ஊராட்சி நடந்தது.

ஏனைய நாடுகளில் இக்காரியம் எவ்வாறு நடக்கிறது? அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறிய குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதத்தை வாடகையாகக் கொடுக்கிறது. மிகுதியை அரசு வீட்டுக்காரருக்கு நேராகச் செலுத்துகிறது. ஏறக்குறைய 23 இலட்சங் குடும்பங்கள் இம்முறையாற் பயனடைகின்றன. காத்திருப்போர் பட்டியலை வைத்திருப்பது அந்தந்த நகரத்து வீடமைப்பு அதிகார சபை. வீடு குடியிருக்கத் தக்கதா, வாடகை நியாயமானதா என்று பரிசோதிப்பதும் அதுவே. அச்சபை கடமையைச் செய்ததா என்று மத்திய அரசு புள்ளியிட்டு அளக்கிறது.

அங்கும் எல்லாஞ் சொர்க்கமன்று. தகுதியுடைய குடும்பங்களில் நான்கிலொன்றுக்கே உதவி கிட்டுகிறது. 2024 பெப்ரவரியில் நியூயோர்க் நகர வீடமைப்பு அதிகார சபையின் இந்நாள், முன்னாள் ஊழியர் 70 பேர்மீது ஒரே நாளில் இலஞ்சக் குற்றஞ் சாட்டப்பட்டது. கேள்விப்பத்திரம் வேண்டாத சிறு திருத்த வேலைகளுக்கு 10 முதல் 20 வீதம் வரை கைக்கூலி கேட்டனர் என்பது குற்றச்சாட்டு. பெரிய ஒப்பந்தங்களுக்குக் காவலிருந்தது; காவலற்ற சிறு வாசல் வழியே களவு புகுந்தது. இதில் நமக்குப் பாடமுண்டு. மேற்பார்வை என்பது பெரும்பணத்துக்கு மாத்திரமன்று. ஒரு பெயரைச் சேர்க்கும், ஒரு பெயரை வெட்டும் அந்தச் சிறிய பேனா முனைக்குமாகும்.

இதனை இன்று எழுதுவதேன்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசிற்று. மன்னாரின் ஊர்களும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரையிலும், வீடிழந்தோருக்கு வாடகைக் கொடுப்பனவும் வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது. நல்லது. ஆயின் அழிந்தது வாடகை வீடானால் யாது நேரும்? வீட்டுக்காரருக்கு இழப்பீட்டுக்கு வழியுண்டு. அங்கே குடியிருந்து, பாயும் பானையும் பிள்ளைகளின் புத்தகமும் இழந்த குடும்பம் எந்தப் பதிவில் நிற்கும்? எழுதிய வாடகை உடன்படிக்கை இல்லாதவர் தாம் குடியிருந்ததை எதைக்கொண்டு நிரூபிப்பார்? இதற்குரிய பதிவேடு வெள்ளத்துக்கு முன்னரே நகரசபையில் இருந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளத்துக்கு முன்னரேனும் இருக்கட்டும்.

சட்டம் நம் பக்கமே நிற்கிறது. 2015 இல் அரசியலமைப்பிற் சேர்ந்த 14அ உறுப்புரை தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கிற்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு கூறுவது யாது? வெளிநாட்டுப் பணத்தில் 1 இலட்சம் டொலரையும், உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவையும் விஞ்சும் திட்டங்களைப் பற்றி, தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்கவேண்டும் என்பதாகும். பிறநாட்டு அரசின் பணத்தைக் கணிசமாகப் பெற்று மக்களுக்குச் சேவைசெய்யும் அரசுசாரா நிறுவனமும், அச்சேவையைப் பொறுத்தவரை, அச்சட்டத்துக்கு உட்பட்டதே. கேட்டால் தரவேண்டும். கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஆதலின் மன்னார் நகரசபையிடமும், மன்னார், மாந்தை மேற்கு, முசலி, நானாட்டான் பிரதேச சபைகளிடமும் நாம் கோருவன நான்கு. முதலாவது, வீடற்றோர் பதிவேடு ஒன்றைத் திறந்து, வாடகைக் குடியிருப்பாளரையும் காணியற்றோரையும் அதிற் பதிக. இரண்டாவது, எத்திட்டத்தின் பட்டியலாயினும், பெயரும் புள்ளியுமாக, பணம் வழங்கப்படுமுன் சபை வாயிலிலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டப்படுக. மூன்றாவது, தள்ளப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணங் காட்டிய கடிதம் தமிழிலே தரப்படுக. நான்காவது, தெரிவுசெய்பவர் வேறு, மேற்பார்ப்பவர் வேறு என்றாகுக. போகக் கூட்டம்போல் ஆண்டுக்கிருமுறை வீடமைப்புக் கூட்டங் கூட்டி, கணக்கை ஊர் முன் வைக்குக. இந்நான்குக்கும் கோடி ரூபா வேண்டியதில்லை. ஒரு பதிவேடும், ஒரு பலகையும், சிறிது நேர்மையும் போதும்.

"சபைகளில் அரசியல் புகுந்துவிடும்; அதிகாரிகளே நடத்தட்டும்" என்பார் உளர். அரசியல் இப்போது மட்டும் புகவில்லையா? பின்கதவால் நுழையும் சிபாரிசுக் கடிதங்களை எழுதுபவர் யார்? என் சொந்த அணியினரும் எழுதினர். கட்சிக்கு உழைத்தவருக்கு ஒரு வீடு என்று என்னிடமும் கேட்டு வந்தனர். அவர்களுக்கு ஈண்டு வெளிப்படையாக மறுமொழி சொல்கிறேன்: பட்டியல் சுவரில் ஒட்டப்படும் நாளில் எந்தச் சிபாரிசுக்கும் பயனிராது. அதனாலேயே பட்டியலைச் சுவரில் ஒட்டுமாறு கேட்கிறோம்.

மறைந்திருக்கும் பட்டியல் இன்னொரு நஞ்சையும் வளர்க்கிறது. "நம் பங்கு அவர்களுக்குப் போயிற்று" என்று பேசாலையிற் கிறிஸ்தவர் கூறுகிறார். அதையே தாராபுரத்தில் முஸ்லிம் கூறுகிறார். அடம்பனில் இந்துவும் கூறுகிறார். மூவரும் பட்டியலைக் கண்டவரல்லர். காணாத பட்டியலின் பெயரால் ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். அவ்வெறுப்பை வாக்காக்கிக் கொள்வோர் மேடையேறுகின்றனர். தமிழ் பேசும் மக்களின் ஒற்றுமையை மேடையில் முழங்குவதைவிட, ஒரு பட்டியலைப் பகலில் எல்லோருங் காண ஒட்டுவது அவ்வொற்றுமைக்குப் பெருந்தொண்டாகும்.

மேற்சொன்ன தாய் ஏழாவது விண்ணப்பத்தையும் எழுதியுள்ளார். இம்முறை அதனோடு தகவலறியும் உரிமைக் கோரிக்கையும் இணைக்கப்பட்டிருக்கிறது. படித்தோரே! உங்கள் ஊரில் விண்ணப்பித்தவர் ஒருவருக்கு அக்கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். கமக்காரரே! துருசு திறக்கும் நாளைக் கேட்கும் அதே குரலில் இப்பட்டியலையுங் கேளுங்கள். அதனைக் காணும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.