தகடு சொல்லாத யூனிட்

மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: எச்.பி.யை 0.746ஆல் பெருக்கு, ஓடும் மணியால் பெருக்கு, யூனிட் வந்துவிடும். அதன்படி 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 3.73 யூனிட் எடுக்கும். பத்து மணி நேரம் ஓடினால் 37 யூனிட் சொச்சம். கேட்பதற்குச் சுத்தமான கணக்கு. பம்ப்செட் கடையிலும் காயில் கட்டும் பட்டறையிலும் இதுதான் வேதம். தோராயக் கணக்கு என்று சொல்லிக்கூட இதைத் தப்பவிட முடியாது. ஒரே தகடு ஒட்டிய இரண்டு மோட்டார்களில், இரண்டிலும் எந்தப் பழுதும் இல்லாமலே, ஒன்று மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் எடுக்க முடியும்.

முதல் பிழை தகட்டைப் படிப்பதிலேயே தொடங்குகிறது. அதில் பொறித்திருக்கும் எச்.பி., மோட்டாரின் தண்டு வெளியே தரக்கூடிய திறன். கம்பி வழியாக உள்ளே போகும் மின்சாரம் அதைவிட எப்போதும் கூடுதல். காயில் சூடாவதிலும், இரும்புத் தகடுகளிலும், பேரிங்கிலும் ஒரு பங்கு கரைந்துபோகிறது. தரையில் உட்கார்ந்து ஓடும் ஐ.இ.3 தர 5 எச்.பி. மோட்டாரின் செயல்திறன் 88 சதவீதத்தை ஒட்டி இருக்கும். போர்வெல்லுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே ஒல்லியாகச் செய்யப்படும் நீர்மூழ்கி மோட்டார் 80 சதவீதத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். முழுச் சுமையில் முன்னது மணிக்கு 4.2 யூனிட் எடுக்கும், பின்னது 4.7 யூனிட்டைத் தொடும். வாய்ப்பாடு சொன்னதோ 3.73. பெருக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டு, செயல்திறனால் வகுக்க மறந்த கணக்கு இது.

இந்தத் திருத்தத்தோடு விஷயம் முடிந்துவிட்டால் நல்லதுதான். ஆனால் இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. தகட்டின் எச்.பி., அந்த மோட்டார் எவ்வளவு வரை தாங்கும் என்பதைச் சொல்கிறது. இப்போது எவ்வளவு சுமக்கிறது என்பதைச் சொல்லவில்லை. பேருந்தில் 55 இருக்கைகள் என்று எழுதியிருப்பதை வைத்து அன்றைய வசூலைக் கணக்குப் போடுகிற நடத்துநர் யாரும் இல்லை. மோட்டார் விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். பாதிச் சுமையில் ஓடும் அதே 5 எச்.பி. மோட்டார் மணிக்கு இரண்டரை யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும். பெரிய மோட்டார் போட்டால் கரண்ட் பில் ஏறும், சின்னது போட்டால் இறங்கும் என்ற நம்பிக்கையும் இங்கேயே உடைகிறது. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மோட்டாரோடு பூட்டியிருக்கும் பம்பும், அது தள்ளும் தண்ணீரும், தண்ணீர் ஏற வேண்டிய உயரமும்.

தண்ணீரின் பக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால் இது தெளிவாகும். 1000 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் தூக்க, இழப்பே இல்லாவிட்டால், ஒரு யூனிட்டில் 367இல் ஒரு பங்கு போதும். குழாயின் உராய்வையும் சேர்த்து 60 மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு 3 லிட்டர் ஏற்றும் பம்ப்செட், தண்ணீருக்குள் செலுத்துவது ஏறக்குறைய 1.77 கிலோவாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்த செயல்திறன் 40 சதவீதம் என்றால் மீட்டரில் ஓடுவது 4.4 கிலோவாட். தேய்ந்த இம்பெல்லரால் அது 30 சதவீதமாக இறங்கினால், அதே தண்ணீருக்கு 5.9 கிலோவாட் வேண்டும். மோட்டாரால் அவ்வளவு தர முடியாதென்றால் வரும் தண்ணீர் குறையும். இந்தக் கணக்கில் எச்.பி. என்ற சொல்லே எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோடையில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் அதிகம் இழுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சாதாரண மையவிலக்குப் பம்புகளில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது: உயரம் கூடும்போது வரும் தண்ணீர் குறைகிறது, மணிக்கு எடுக்கும் மின்சாரமும் கொஞ்சம் இறங்குகிறது. ஏறுவது ஒரு குடம் தண்ணீருக்கு ஆகும் மின்சாரம். மணிக்கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. வால்வைத் திருகி மின்சாரத்தை மிச்சப்படுத்தியதாகச் சொல்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

தகட்டை நம்பாதவர்கள் டாங் டெஸ்டரை மாட்டி ஆம்ப்ஸ் பார்க்கிறார்கள். ஒரு படி மேல், ஆனால் போதாது. 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் சுமார் ஏழரை ஆம்ப்ஸ் எடுக்கும். சுமையைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓடவிட்டாலும் மூன்று ஆம்ப்ஸ் காட்டும். ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரம் வீணாகிறதே என்று பதற வேண்டாம். அந்த மூன்று ஆம்ப்ஸில் பெரும்பகுதி மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவது. பவர் ஃபேக்டர் அப்போது 0.2 அளவுக்குத்தான் இருக்கும். மீட்டரில் ஏறும் உண்மையான திறன் அரைக் கிலோவாட்டைக்கூட எட்டாது. மின்னழுத்தம் குறைந்தால் ஆம்ப்ஸ் குறையும் என்பதும் தவறு. சுமை மாறாமல் 415 வோல்ட் 350க்கு இறங்கினால் ஆம்ப்ஸ் ஏறுகிறது. காயிலின் சூடு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுகிறது. காயில் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

“இவ்வளவு நுணுக்கம் எதற்கு? வீட்டு மோட்டார் 1 எச்.பி., மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் சரியாகத்தானே வருகிறது?” என்பார்கள். வருவது உண்மைதான். சிறிய மோட்டாரின் செயல்திறன் 70 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், 0.746ஐ 0.7ஆல் வகுத்தால் தற்செயலாக ஏறக்குறைய ஒன்று வருகிறது. முழுச் சுமையில் ஓடும் வரைக்கும்தான் அந்த அதிர்ஷ்டம். வீட்டில் அதை நம்பி யாரும் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. அங்கே மீட்டர் இருக்கிறது. பிரச்சினை, மீட்டர் இல்லாத இடத்தில்.

தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். 1990 முதல், இடையில் ஓராண்டு போல நின்றதைத் தவிர, அங்கே மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. அவை எடுக்கும் மின்சாரம், மாதிரிக்குப் பொருத்திய சில மீட்டர்களையும் இணைப்புகளின் மொத்த எச்.பி.யையும் வைத்து மதிப்பிடப்படுகிறது. மானியத்தொகை அந்த மதிப்பீட்டின் மேல்தான் நிற்கிறது. அதைவிட முக்கியம், கம்பியில் எவ்வளவு தொலைகிறது என்பதும் மீதியைக் கழித்துத்தான் தெரிய வேண்டும். விவசாயத்தின் தலையில் கொஞ்சம் கூட்டி எழுதினால் கம்பி இழப்பும் திருட்டும் அந்த அளவுக்குக் காகிதத்தில் மறைந்துவிடும். எச்.பி. கணக்கில் கட்டணம் வாங்கிய மாநிலங்களில் இதன் மறுபக்கமும் நடந்தது: ஏழரை எச்.பி. மோட்டாருக்கு ஐந்து என்று தகடு அடித்துக்கொடுத்தார்கள். தகட்டின் மேல் கட்டிய கணக்கு இரண்டு பக்கமும் சாயும்.

மீட்டர் வந்தால் இலவசம் போகும் என்று விவசாயிகள் அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 2003இல் இலவச மின்சாரம் நிறுத்தப்பட்டபோது அதற்கு மீட்டர் தேவைப்படவில்லை. குதிரைத்திறன் கணக்கிலேயே கட்டணம் விதித்தார்கள். 2004இல் இலவசம் திரும்ப வந்தது ஆளுங்கட்சியின் தேர்தல் தோல்விக்குப் பிறகு, மீட்டர் இல்லாததால் அல்ல. இலவசத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் அரசியல் முடிவு. தோட்டத்து மோட்டாரில் மீட்டர் வேண்டாமென்றால், விவசாயத்துக்கு மட்டும் போகும் மின்பாதையைப் பிரித்து டிரான்ஸ்ஃபார்மரில் மீட்டர் வைக்கலாம். அளவு தெரியாமல் இருப்பதால் உண்மையில் நஷ்டப்படுவது விவசாயிதான்: எடுக்காத மின்சாரமும் அவர் பெயரில் எழுதப்படுகிறது.

மீட்டர் உள்ளவர்கள் இன்றே சோதித்துப் பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். யூனிட்டுக்கு 1600 துடிப்பு உள்ள மீட்டரில் நிமிடத்துக்கு 40 என்றால் உங்கள் மோட்டார் எடுப்பது ஒன்றரைக் கிலோவாட். தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் அதுதான் கணக்கு.